வறுபயறு ஒன்று புள்ளி ஐந்து

அத்தியாயம் ஆறு

தில்லையம்மாளின் மகனை நான் ஒரே வரியில் அழித்தேன்.

கத்தி, ரத்தம் எதுவும் கிடையாது. கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு கட்டளை அடித்து, என்டர் தட்டினேன். தட்டிவிட்டு மசால் வடையின் மீதிப் பாதியைத் தின்றேன். மனசாட்சிக்குத் தகவல் தராமல் செய்த குற்றம் என்பதால் வடை சுலபமாகவே இறங்கியது.

என் பெயர் குமரகுரு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் ‘இளவரசி துப்பறியும் நிலையம்’ என்று போர்டு தொங்குகிறதே, அதில் துப்பறிவது இளவரசி மேடம். நிலையமாக இருப்பது நான். இதற்கு முன் சென்னையில் மொபைல் ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி மூடப்பட்டதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். இன்னொருவனும் இருந்தான்.

கேஸ் இல்லாத நாட்களில் பழைய தொழிலில் சில்லறை வேலை பார்ப்பேன். அப்படித்தான் தில்லையம்மாள் வீட்டுக்குப் போனேன். இருபது தறி ஓடுகிற வீடு. அங்கே, தறியில் குறுக்கே ஓடி இழை போடுகிற நாடாவின் பெயரில், ‘நாடா’ என்று ஒரு ஆப். நெய்கிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். டிசைனைக் குனிந்து பார்க்க முடியாது. அதனால் தறியில் மாட்டிய போன், அடுத்தது எந்த நிறம் என்று ஓர் இயந்திரப் பெண் குரலில் சொல்லிக்கொண்டே வரும். எழுதியவன் அந்த வீட்டு மகன் சிவபாலன். புது போன்களில் ஆப் திறக்க மறுக்கிறது, சரிசெய்து கொடு என்றார்கள்.

ஆப் என்பது வெறும் தறி மாதிரி. அதன் தலைமேல் டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியை ஏற்றுவதுபோல மைக், கேமரா, குரல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளக்இன் ஏற்ற வேண்டும். கட்டளை அடித்தால் ஏறும். கட்டளை அடித்தால் இறங்கும். என்னென்ன ஏறியிருக்கிறது என்று கட்டளைக் கருவியிடம் கேட்டேன். கேமரா, பேட்டரி, அதிர்வு என்று ஒழுங்கான பெயர்களுக்கு நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தது: வறுபயறு.

மளிகைச் சாமான் ஏதோ வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். ‘இதை எடுத்தால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்’ என்று கருவி எச்சரித்தது. எச்சரிக்கையை மதிக்கிற சுபாவம் இருந்திருந்தால் நான் இன்னும் சென்னையில் இருந்திருப்பேன். ‘பரவாயில்லை, பிடுங்கு’ என்கிற அர்த்தத்தில் ஃபோர்ஸ் என்ற சொல்லையும் சேர்த்து அடித்தேன். புது ஆப்பைக் கட்டி எல்லோருடைய போனிலும் ஏற்றினேன். கைதட்டல் கிடைத்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் தில்லையம்மாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்.

“எங்கப்பா என் புள்ள?”

“எந்தப் பிள்ளைங்க?”

“பொழுது சாய்ஞ்சா இதுல பேசுவானே. நீ வந்துட்டுப் போனதுலேருந்து பேசல. எங்க வெச்ச அவனை?”

மேஜைக்குப் பின்னால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த இளவரசி மேடம் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். மேடத்துக்குப் பார்வை கொஞ்சம் மட்டு, மூளை ரொம்பக் கூர். ஒரே குறை, எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னது கிடையாது. சம்பளம் எப்போ மேடம் என்றால், இன்னைக்கு என்ன கிழமைப்பா என்பார்.

“உக்காருங்கம்மா. உங்க பையன் எங்க இருக்கார்?”

“அதான்மா தெரியல.”

போன ஐப்பசி மழையில் பாலாறு கரைபுரண்டபோது சிவபாலனின் பைக் கரையில் நின்றது. சிவபாலன் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் மாலையானால் தில்லையம்மாளின் போன் அவன் குரலில் பேசிக்கொண்டுதான் இருந்தது: ‘அம்மா, தறி நின்னுடுச்சு. சாப்பிட்டியா?’

“அவன் கேட்டப்புறம்தான் நான் சாப்பிடுவேன்.”

“இந்த ரெண்டு நாளா?” என்றேன்.

“கேக்கலையேப்பா.”

முந்தாநாள் தின்ற வடைக்கு இப்போதுதான் கணக்கு வந்தது.

“நாளன்னைக்கு மகாளய அமாவாசை,” என்றார் தில்லையம்மாள். “திதி குடுத்துடலாம்னு எங்க வீட்டுக்காரரு ஐயருக்குச் சொல்லிட்டாரு. உசுரோட இருக்கிற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சா நான் பாவி. போய்ச் சேர்ந்தவனுக்கு எறைக்காம விட்டா அவன் தாகத்தோட அலைவான். ரெண்டுல எதுன்னு சொல்லுங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

மேடத்தின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தேன். “இருக்கானா மேடம், இல்லையா?”

“நீ எடுத்ததைத் திருப்பி வைப்பியா, மாட்டியா?”

என் கணினியில் மறுபடி கறுப்புத் திரையைத் திறந்தேன். வறுபயறைச் சேர் என்று அடித்தேன். உலகத்துக்கே பொதுவான ப்ளக்இன் கிடங்கில் அப்படி ஒன்று இல்லை. சிவபாலன் இணையத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தின் முகவரி ஆப்பின் ஓரத்தில் எழுதியிருந்தது. அங்கே போய் எடு என்றேன். கருவி போனது. கொஞ்சம் யோசித்தது. எடுத்து வந்து ஏற்றியும்விட்டது.

அதன் கீழே இன்னும் ஒரு வரி வந்தது.

நான் எடுத்தது வெர்ஷன் ஒன்று புள்ளி நான்கு. வந்து உட்கார்ந்திருப்பது ஒன்று புள்ளி ஐந்து. மாற்றியவர் பெயர்: சிவபாலன். மாற்றிய தேதி: போன வாரம்.

“மேடம்.” திரையை அவர் பக்கம் திருப்பினேன். “செத்துப்போனவன் புது வெர்ஷன் போடுவானா?”

“நீ உயிரோட இருந்துக்கினு எத்தனை போட்ட?”

ஆப்பைக் கட்டி முதலில் தில்லையம்மாளின் போனில் ஏற்றினேன். மேஜை நடுவில் வைத்தோம். கீழே கடையில் பேரம் நடக்கிற சத்தம். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, செம்மண்ணாகி, போய்விட்டது. யாரும் விளக்கைப் போடவில்லை.

“அம்மா, தறி நின்னுடுச்சு. சாப்பிட்டியா?”

தெளிவான, இளைய குரல். லேசான அவசரம். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி.

“இனிமேதான்பா,” என்று போனுக்குப் பதில் சொன்னார் தில்லையம்மாள்.

நான் எழுந்து, சொல்லாமலே கீழே போய் நாலு இட்லி வாங்கிவந்தேன். படியில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. கண்ணில் ஏதோ தூசு. பட்டுக்கடை மாடியில் தூசு அதிகம்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மேடம் கடலை உரித்தார். பிறகு ஆரம்பித்தார்.

“தினமும் பேசுவானா?”

“அமாவாசைக்கு மட்டும் பேசமாட்டான்மா.” தில்லையம்மாளின் குரல் இறங்கியது. “அதான் எனக்குப் பயமே. போனவங்க தண்ணி கேட்டு வர்ற நாள் அது. அன்னைக்குப் பார்த்து வாயை மூடிக்கிறான்னா, அவங்களோட சேர்ந்து எங்கனா நின்னுக்கினு இருக்கானோன்னு...”

“உங்க தறி அமாவாசைக்கு ஓடுமா?”

“எந்த வீட்டுத் தறிம்மா அமாவாசைக்கு ஓடும்? அன்னைக்கு எல்லாருக்கும் லீவு.”

மேடம் ஒரு கடலையை உடைத்தார். “லீவு எடுக்கிற பேயை எனக்குத் தெரியாது. லீவு எடுக்கிற தறியைத் தெரியும். குரு, அதுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு பாரு.”

வறுபயறைப் பிரித்துப் பார்த்தேன். பிரமாதமான வேலை, பொறாமையாக இருந்தது. தறிச் சட்டத்தில் ஒரு போனைக் கட்டிவைத்தால், நெய்யும்போது சட்டம் அதிர்வதை அது உணர்ந்துகொண்டே இருக்கும். இழை அறுந்து சற்று நின்றால் சும்மா இருக்கும். கொஞ்ச நேரம் அசைவே இல்லையென்றால், அன்றைய வேலை முடிந்தது என்று முடிவுகட்டி, ஏற்கெனவே பதிந்துவைத்த அந்த ஒரு வாக்கியத்தை அம்மாவின் போனில் பேசவிடும்.

“அப்போ பேசறது பழைய பதிவு,” என்றேன். “ஆனா பேச வைக்கிறது ஓடற தறி. இங்கே இருபத்தொண்ணாம் நம்பர் தறின்னு போட்டிருக்குது.”

“எங்க வீட்டுல இருபதுதானேப்பா,” என்றார் தில்லையம்மாள். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு, “ராத்திரியிலயும் பேசினான்,” என்றார்.

“என்னைக்கு?”

“ஆனி மாசத்துலேருந்து. ஒரு மணிக்குப் பேசுவான், மூணு மணிக்குப் பேசுவான். தறி நின்னுடுச்சும்பான். இந்நேரத்துக்கு எந்தத் தறிடா ஓடுதுன்னு எழுந்து உக்காந்துக்குவேன். போன வாரம்தான் அந்த ராத்திரிப் பேச்சு நின்னுச்சு.”

புது வெர்ஷனையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மாறியிருந்தது ஒரே வரி. மெதுவாக ஆடினால் அதைத் தறி என்று எண்ணாதே.

“ராத்திரியில மெதுவா ஆடி, நடுவுல நின்னுபோறது எதுப்பா?” என்றார் மேடம்.

“ஊஞ்சல்?”

“மூணு மணிக்கு யாரு ஊஞ்சல் ஆடுவா?”

“அதைத்தான் மேடம் நானும் நினைக்கக் கூடாதுன்னு பார்க்கிறேன்.”

மேடம் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். ஐப்பசியில் ஆரம்பித்து ஆனியில் முடித்தார். பிறகு ரொம்ப சாதாரணமாகத் தில்லையம்மாளைக் கேட்டார். “வறுபயறுன்னா உங்களுக்கு என்னம்மா ஞாபகம் வரும்?”

“திருப்புட்குழித் தாயாருதான். புள்ள வேணும்ங்கிறவங்க, வறுத்து ஊறவெச்ச பயறை மடியில கட்டிக்கினு படுப்பாங்க. காலையில முளை விட்டிருந்தா புள்ள பொறக்கும்.”

“பையனுக்குக் கல்யாணம்?”

“பொண்ணு பார்த்துக்கினு இருந்தோம்.”

மேடம் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு மட்டும், ஆறு மணிக்கு வந்துடு என்றார். காலையா மாலையா என்றேன். உனக்கு எப்போ முழிப்பு வரும் என்றார்.

*

மறுநாள் தில்லையம்மாளையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் திருப்புட்குழிக்குக் கிளம்பப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேண்டாம், நீங்கள் வீட்டில் இருங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோக்காரர் வாய் ஓயாதவர். “கோயிலுக்கா சார்? ராமர் ஒரு பட்சிக்குக் காரியம் பண்ண ஊரு இது. பெத்த அப்பனுக்குப் பண்ண முடியல, பட்சிக்குப் பண்ணாரு பாருங்க.” தில்லையம்மாள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஆட்டோக்காரரிடம் மைலேஜ் பற்றி விசாரித்தேன். அவசரத்துக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை.

திருப்புட்குழியில் கடைக்காரரிடம் தறி எங்கே ஓடுகிறது என்று கேட்டதும் கையை நீட்டிவிட்டார். இது வயல்காரர்கள் ஊர். தறிச் சத்தம் ஒரே வீட்டில்தான். தெருமுனையிலேயே கேட்டது. டடக் டக், டடக் டக்.

ஆட்டோ நின்றது. தில்லையம்மாள் இறங்கவில்லை. போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“தம்பி, அவன் இருந்தான்னா, அவனையே என்னைக் கூப்பிடச் சொல்லு. இல்லைன்னா நீ வந்து சொல்லு. நடுவுல யாரும் எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க.”

சரி என்றேன். இந்த மாதிரி வேலைக்கு என்னைவிட மோசமான ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது.

கதவு திறந்தே இருந்தது. ஓட்டு வீடு, ஒரே கூடம், அதை அடைத்துக்கொண்டு ஒரு தறி. மயில்கழுத்து நிறத்தில் புடவை பாதி ஏறியிருந்தது. தறியில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். எங்களைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலே சட்டத்தில் ஒரு துணிப்பையில் பழைய போன் கட்டியிருந்தது.

“சிவபாலன் வீடு இதுதானுங்களா?” என்றேன்.

“தறி வீடுங்க.”

“அவர் இருக்காரா?”

“நீங்க எங்கேருந்து வர்றீங்க?”

மேடத்துக்கு இங்கே ஒரு தங்கை இருக்கிறாள் என்று தோன்றியது. “காஞ்சிபுரம். அந்த ஆப்பைச் சரிபண்ண ஆள்.”

“மூணு நாளைக்கு முன்னாடி அதைக் கெடுத்தது?”

“அதே ஆள்தான்.”

“சத்தம் அங்க போய்ச் சேரலைன்னு இங்க காட்டுச்சு.” நாடாவைத் தட்டிவிட்டபடியே சொன்னாள். “பாவம், ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டாங்க.”

“உன் பேரு என்னம்மா?” என்றார் மேடம்.

“ஜீவிதா.”

“ஜீவிதா, அவங்க வெளியில ஆட்டோவுல உக்காந்திருக்காங்க.”

தறி நின்றது.

அந்த அமைதியில்தான் இன்னொரு சத்தம் கேட்டது. தறிக்குப் பின்னால், தறிச் சட்டத்தைத் தாங்குகிற அதே உத்தரத்தில், பழைய பட்டுப்புடவையில் கட்டிய ஒரு தூளி. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சின்னக் கால் உதைக்கிறதா, சின்ன முஷ்டி குத்துகிறதா தெரியவில்லை, துணி புடைத்துப் புடைத்து அடங்கியது.

“ராத்திரியில ஓடற தறி,” என்றார் மேடம் என்னிடம்.

ஜீவிதா தறியை விட்டு எழுந்து வந்து தூளியைப் பிடித்து நிறுத்தினாள். “இவன் அழுதா ஆட்டுவேன். தூங்கிட்டா நிறுத்துவேன். ஒரே உத்தரம்ங்கிறதால இதுவும் தறின்னு எடுத்துக்கினு அங்க போய்ப் பேசிடுச்சு. ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும், வயசானவங்களை நடுராத்திரி எழுப்புதேன்னு அவரோட லேப்டாப்ல ஒரு வரி சேர்த்தேன். நான் படிச்சதும் கம்ப்யூட்டர்தான். ரெண்டு பேரும் ஒண்ணாதான் எழுதுனோம்.”

அந்த இரக்கம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. தப்பு செய்கிறவர்கள் இதைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

“வீட்டுக்குத் தெரியாம கல்யாணம்?” என்றார் மேடம்.

“சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தோம். புது டிசைன் பார்க்கிறேன்னு சொல்லிட்டு இங்க வந்து நெய்வாரு. வீடு திரும்ப நேரமாகும், அதுவரைக்கும் அம்மா சாப்பிடமாட்டாங்கன்னு இந்தப் பேச்சை ஏற்பாடு பண்ணாரு. வறுபயறுன்னு நான்தான் பேர் வெச்சேன்.”

“அவர் எங்கே?” என்றேன்.

“நான் தறியை நிறுத்தினா அங்க அவங்க சாப்பிடறாங்க. அது எனக்குத் தெரியும்.”

“நான் கேட்டது...”

“அதனாலதான் அமாவாசை தவிர ஒருநாளும் தறி ஏறாம இருந்ததில்லை. இவன் பொறந்த அன்னைக்குக்கூடப் பக்கத்து வீட்டு அக்காவை விட்டு ஒரு மணி நேரம் தறியை ஆட்டச் சொன்னேன்.”

“ஏம்மா, நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாமில்ல?” என்றார் மேடம்.

அவள் தூளியின் விளிம்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. மூன்று பேரும் நின்றோம். தூளியும் நின்றது. தறியும் நின்றிருந்தது.

தறி நின்றிருந்தது என்பதன் அர்த்தம் எனக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. போனைப் பிடித்துக் குலுக்க, ஒரே தாவலில் சட்டத்துப் பையை எட்டினேன். அதற்குள் தெருவிலிருந்து, ஆட்டோ நின்ற பக்கமிருந்து, தெளிவான, இளைய, லேசான அவசரம் கலந்த குரல்:

“அம்மா...”

மீதி கேட்கவில்லை. ‘இருந்தான்னா அவனையே கூப்பிடச் சொல்லு.’ கூப்பிட்டுவிட்டான். திரும்ப ஏற்றிக் கொடுத்தவன் நான்.

செருப்பு போடாத கால்கள் ஓடிவரும் சத்தம். தில்லையம்மாள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“பாலா?”

என்னைத் தாண்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழிக்குள்கூட எட்டிப் பார்த்தார். பிறகு தூளியைப் பார்த்தார். உள்ளே இருந்தவன் அப்போதுதான் கண்ணைத் திறந்து, புதிதாக வந்தது யார் என்கிற மாதிரி புருவத்தை நெரித்தான். அந்தப் புருவத்தை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பக் கூப்பிட்டானே தம்பி,” என்றார் என்னைப் பார்த்து. “எங்க அவன்?”

மேடத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டார். அதனால் நான்தான் ஜீவிதாவின் பக்கம் திரும்பினேன்.

“இருக்காரா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லும்மா.”

அவள் தில்லையம்மாளைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே சொன்னாள்.

“இல்லைங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் மாகறல்ல எங்க வீட்டுல சொல்லிட்டு, அன்னைக்கே அம்மாகிட்டயும் சொல்லிடலாம்னு என்னையும் கூட்டிக்கினு வந்தாரு. தண்ணி ஏறியிருந்துச்சு. வண்டியைக் கரையில போட்டுட்டு, நீ இங்கயே இரு, ஆழம் பார்த்துட்டு வரேன்னு இறங்கினாரு. நான் பார்த்துக்கினேதான் இருந்தேன். என் கண்ணு முன்னாடிதான் போனாரு.” குனிந்து குழந்தையைத் தூக்கினாள். தில்லையம்மாளின் கைகளில் வைத்துவிட்டு, அப்போதும் என்னையே பார்த்து முடித்தாள். “நாளைக்குத் திதி குடுக்கச் சொல்லுங்க. எள்ளும் தண்ணியும் இவன் கையால குடுக்கச் சொல்லுங்க.”